‘கணக்கு எழுதுகிறேன்’ என்று சொல்லும் மகன்: தெற்கு சூடானில் ஓர் அதிகாரியின் நாள்

பாபநாசம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயா கேட்டிருப்பது சுருக்கமாக இது. அவருடைய மகன் தரைப்படையில் கேப்டன். ஐ.நா. அமைதிப்படையோடு ஓராண்டுப் பணிக்காகத் தெற்கு சூடானின் மலக்கால் என்னும் ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் மாலை ஐந்து மணிவாக்கில் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுகிறார். என்ன வேலை என்று கேட்டால், ‘கணக்கு எழுதுகிறேன் அப்பா, டீசல் கணக்கு, தண்ணீர்க் கணக்கு’ என்று சொல்லிவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று பேச்சை மாற்றிவிடுகிறார். வெளிநாட்டில் இருக்கும் ராணுவ அதிகாரிக்கு ஒரு நாள் எப்படிக் கழியும் என்று கேள்வி முடிகிறது. ஆனால் நடுவில், ‘துப்பாக்கி பிடிக்கப் போனவனுக்கு டீசல் கணக்கு எதற்கு’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ஐயா. நீங்கள் உண்மையில் கேட்டது அந்த வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. மகன் எதையோ மறைக்கிறானோ என்பது உங்கள் சந்தேகம். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: அவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் முழுவதையும் சொல்லவில்லை.

நான் மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்றுக் கடைமடைக்காரன். பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்தின் வழியாகத் தரைப்படையில் சேர்ந்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்று, இப்போது இருக்கிற நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருமுறை ஐ.நா. பணிக்குப் போனேன். 2009-10இல் காங்கோவின் கிழக்கே கோமாவில் ஓராண்டு. 2018-19இல் உங்கள் மகன் இருக்கும் அதே மலக்காலில் ஓராண்டு. இரண்டுமே பட்டாலியனோடு, அதாவது ஒரு முழுப் படைப்பிரிவோடு, போன பணிகள் என்பதால், நான் நேரில் கண்டு எழுதக்கூடியது பட்டாலியன் வாழ்க்கையைத்தான். ராணுவப் பார்வையாளர் என்று தனியாக அனுப்பப்படும் அதிகாரிகளின் வாழ்க்கை வேறு வகை. அவர்கள் ஆயுதம் வைத்துக்கொள்வதில்லை. ஐந்தாறு நாட்டு அதிகாரிகளோடு ஒரே முகாமில் தங்கித் தாங்களே சமைத்துக்கொள்வார்கள். உங்கள் மகன் டீசலைப் பற்றிப் பேசுவதால் அவர் பட்டாலியனில் இருக்கிறார் என்பது ஏறத்தாழ உறுதி. குவார்ட்டர்மாஸ்டர் பொறுப்பிலோ, அதாவது படையின் பொருள் கையிருப்பைக் கவனிக்கும் பொறுப்பிலோ, அதற்குத் துணையாகவோ இருக்கலாம் என்பது மட்டும் என் ஊகம்.

கணக்கு ஏன் என்பதைச் சொல்கிறேன். ஐ.நா.வுக்கென்று சொந்தமாகப் படை கிடையாது. உறுப்பு நாடுகள் ஆளையும் வண்டியையும் கருவியையும் அனுப்புகின்றன, ஐ.நா. அதற்குரிய தொகையை அந்நாடுகளின் அரசுக்குத் திருப்பித் தருகிறது. ஓர் ஆளுக்கு மாதம் 1,400 டாலருக்குச் சற்று மேல் என்பது அண்மை ஆண்டுகளின் விகிதம். ஊரில் சிலர் நினைப்பதுபோல் அந்தத் தொகை அப்படியே சிப்பாயின் கைக்கு வருவதில்லை, அது அரசுக்குப் போவது. வண்டிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் தனித்தனி விகிதம் உண்டு. ஒப்புக்கொண்ட வண்டிகளில் 90 விழுக்காட்டுக்குக் குறைவாக ஓடும் நிலையில் இருந்தால் தொகை குறைந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐ.நா. ஆட்கள் வந்து, எந்த வண்டி ஓடுகிறது, எந்தச் சமையல் அடுப்பு எரிகிறது, துணி துவைக்கும் ஏற்பாடு இருக்கிறதா, சிப்பாய்களுக்கு இணைய வசதி இருக்கிறதா என்பது வரை சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதக் கருவியோடு நிற்பவர் எதிரே மூட்டையோடு நிற்கும் விவசாயியின் மனநிலை என்னவோ அதுதான் அந்த நாளில் ஓர் இளம் அதிகாரியின் மனநிலை. ஐ.நா.வின் வெள்ளை வண்டிகளில் அட்டை தேய்த்தால்தான் வண்டி ஓடும் கருவி பொருத்தியிருக்கும். யார் ஓட்டினார், எவ்வளவு வேகம், எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அதில் பதிவாகும். அந்தப் பதிவும் டீசல் ஏடும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுவே முக்கியமானது. மலக்காலில் இந்திய முகாமுக்கு ஊர் மின்சாரம் இல்லை, ஊர்க் குடிநீர் இல்லை. வெள்ளை நைல் ஆற்றின் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கவும் குளிக்கவும் வேண்டும். சுத்திகரிப்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல். தலைநகர் ஜூபாவிலிருந்து ஆற்று வழியே பாரப்படகுகளில் வரும் சரக்கு வழியில் எத்தனை சோதனைச் சாவடிகளில் நிற்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே கையிருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்பது அங்கே ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. எண்ணூறு பேர் நாளை குளிக்கலாமா, மருத்துவமனையின் குளிர்பெட்டி ஓடுமா என்ற கேள்வி. மேட்டூரில் இத்தனை அடி என்று தினமும் காலையில் செய்தித்தாளில் பார்த்துவிட்டுத்தான் நாம் நாற்று விடுவதைப் பற்றிப் பேசுவோம் இல்லையா? அப்படித்தான் அவரும் விடிந்ததும் தொட்டியில் கோல் விட்டு அளந்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்.

இனி நாள் எப்படிப் போகும் என்பது. நான் இருந்த ஆண்டில் அதிகாலை ஐந்து மணிக்கு முன்பே முகாம் எழுந்துவிடும், ஏனென்றால் கோடையில் எட்டு மணிக்கு மேல் ஓட முடியாது. பி.டி. என்னும் காலை உடற்பயிற்சி முகாமின் சுற்றுமண்மேட்டின் உள்பக்கமாகவே நடக்கும். வெளியே ஓடும் பழக்கம் கிடையாது. அதே பாதையில் ஓராண்டில் ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடியிருப்பேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் எந்தக் காவல் கோபுரத்தின் கீழே எந்தப் பள்ளம் என்று சொல்வேன். குளித்து உடுத்தி, கட்டளை அதிகாரியின் காலைக் கூட்டம். இரவில் எங்கே சத்தம் கேட்டது, எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்த ரோந்துக்கு உள்ளூர்ப் படையிடமிருந்து வழி கிடைக்கவில்லை, யார் யார் மருத்துவமனையில் என்பவை பேசப்படும். பிறகு ரோந்துகள் கிளம்பும். கிளம்பும் முன் ஒவ்வொரு வண்டியிலும் தண்ணீர், கயிறு, முதலுதவிப் பெட்டி, வானொலித் தொடர்பு ஆகியவற்றை ஓர் அதிகாரி தொட்டுப் பார்த்தாக வேண்டும். ‘தொட்டுப் பார்த்தாக வேண்டும்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த சுபேதார் சாகிப், கண்ணால் எண்ணிய தண்ணீர்க் கேன்களில் பாதி காலியாகத்தான் இருக்கும் என்பார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் வெயிலுக்கு விடுப்பு. அதன்பின் பராமரிப்பு, பயிற்சி, கூட்டம், கடிதம். மாலையில் கைப்பந்து. எங்கள் படையில் கைப்பந்து ஆடாத மாலை என்றால் முகாமில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். இருட்டும் முன் அனைவரும் முழுக்கைச் சட்டைக்கு மாறுவார்கள், கொசுவுக்காக. ரோல் கால் என்னும் ஆள் கணக்கெடுப்பு, அன்றைய நிலவர அறிக்கை, இரவு உணவு, காவல் கோபுரங்களைச் சுற்றிப் பார்ப்பது. அறிக்கை ஆங்கிலத்தில், குறித்த நேரத்தில், குறித்த வடிவத்தில் போயாக வேண்டும்; ‘குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவும் இல்லை’ என்று எழுதும் நாளிலும் அதை எழுத ஒருவன் உட்கார வேண்டும். உங்கள் மகன் கூப்பிடும் மாலை ஐந்து மணி என்பது அங்கே பகல் ஒன்றரை மணி. நான் இருந்தபோது நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருந்தார்கள்; 2021 பிப்ரவரி 1 முதல் அந்த நாடு தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டதால் இப்போது மூன்றரை மணி. அதாவது அவர் தன் ஓய்வு நேரத்தில் உங்களைக் கூப்பிடுகிறார். இரவு ஒன்பது மணிக்கு அவர் வேலை முடிந்து உட்காரும்போது இங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி ஆகியிருக்கும். உங்களை எழுப்ப வேண்டாமென்று விட்டுவிடுகிறார். ஐந்து நிமிடப் பேச்சுக்கு இதைவிட ஆழமான காரணத்தைத் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி வீட்டில் அம்மா கேட்டிருப்பார். பஞ்சம் இல்லை. ஐ.நா. ஒப்பந்தக்காரர் வழியாக அரிசி, ஆட்டா, பருப்பு, எண்ணெய், உறைய வைத்த கோழி, பழம் என்று வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 4,500 கலோரி என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. குறை எங்கே என்றால், பச்சைக் காய்கறி பாதி வழியில் வாடிவிடும், கறிவேப்பிலை கண்ணில் படாது. எங்கள் ஆட்கள் முகாமுக்குள் கீரைப் பாத்தி போட்டார்கள், வெண்டையும் வைத்தார்கள். வெண்டை அந்த மண்ணுக்குப் புதிதன்று, அங்கே அதைப் பாமியா என்பார்கள்.

மண் என்று சொன்னதும் ஒன்று எழுத வேண்டும், ஏனென்றால் அங்குள்ள வேலையின் பாதி அந்த மண்ணோடுதான். மலக்காலைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு நம் கண்ணுக்கு மிகப் பழகிய நிலம்: மேடு பள்ளம் இல்லாத சமவெளி, கோடையில் கையை விடும் அளவுக்கு வெடிக்கும் கருங்களி, மழை விழுந்தால் முழங்கால் உளை. நம் கடைமடைபோலவே அங்கும் கல் கிடையாது. சாலைக்குச் சரளை வேண்டுமென்றால் வெளியிலிருந்து வர வேண்டும். மே மாதவாக்கில் தொடங்கும் மழை அக்டோபர் வரை நீளும். அந்த மாதங்களில் பெரும்பாலான சாலைகள் சாலைகளாக இருப்பதில்லை. உலர்காலத்தில் அரை நாளில் போய்த் திரும்பிய ஊருக்கு மழைக்காலத்தில் ஹெலிகாப்டரோ படகோ இல்லாமல் போக முடியாது. 2018 மே கடைசியில் ஒரு ரோந்தில், முகாமிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்ளாகவே, மூன்று வண்டிகளை உளையிலிருந்து இழுக்க ஒரு முழுப் பகலும் இரவில் பாதியும் ஆயின. பதினான்கு டன் எடையுள்ள கவச வண்டி களியில் அமிழ்ந்தால் இழுக்கப்போகும் வண்டியும் சேர்ந்து அமிழும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் சம்பா அறுவடை நேரத்தில் மழை பெய்து, அறுவடை இயந்திரம் வயலில் சிக்கியதைப் பார்த்தவன் என்பதால், சக்கரத்துக்கு முன்னால் கோரையும் மரக்கிளையும் வெட்டிப் போடச் சொன்னேன். ராஜஸ்தான்காரச் சிப்பாய்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அன்றைக்கு அது வேலை செய்தது. அடுத்த முறை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரோந்து என்றால் எதிரியைத் தேடிப் போவது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் ஒரு கிராமத்துக்குப் போய், மரத்தடியில் தலைவரோடு உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளர் வழியாக, விதைத்தீர்களா, கிணறு ஓடுகிறதா, மாடு திருட்டுப் போனதா, வெளியாட்கள் வந்தார்களா என்று கேட்பது. அந்த உரையாடலில்தான் நாளைக்கு எங்கே கலவரம் என்பதன் முதல் துப்பு கிடைக்கும். டிங்கா, நுவேர், ஷில்லுக் என்ற மூன்று இனத்தவரோடும் பேசியிருக்கிறேன். அவர்களுக்கு, குறிப்பாக முதல் இரு இனத்தவருக்கு, மாடு என்பது செல்வம், சீர், நஷ்டஈடு எல்லாம். ஓர் ஆணுக்கு அவன் விரும்பும் காளையின் நிறத்தை ஒட்டிப் பெயர் வைத்துக் கூப்பிடும் வழக்கம் டிங்காக்களிடம் உண்டு. ஒரு பெரியவரிடம், எங்கள் ஊரிலும் மயிலை, செவலை, காரி என்று நிறத்துக்கு ஒரு பெயர் உண்டு, உம்பளச்சேரிக் கன்று சிவப்பாகப் பிறந்து பிறகு சாம்பல் நிறத்துக்கு மாறும், நெற்றியில் சுட்டி இருக்கும் என்று சொன்னேன். அவருக்கு என் மேல் மதிப்பு வந்துவிட்டது. உழவு மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்து மொட்டையாக்குவோம் என்று சொன்னதும் அந்த மதிப்பு போய்விட்டது. கொம்பை விருப்பமான வடிவத்துக்கு வளைத்து வளர்ப்பதில் பெருமை கொள்ளும் மக்களிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மனைவிக்காக எத்தனை மாடு கொடுத்தாய் என்று அடுத்துக் கேட்டார். எங்கள் பக்கம் கொடுப்பது பெண் வீட்டார்தான் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்தபோது மரத்தடியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, எனக்கு இரண்டு பெண்கள்.

இந்தியப் படை அங்கே கால்நடை மருத்துவ முகாம்களும் நடத்தும். அவற்றுக்கு வரும் கூட்டத்தைப் போல வேறு எதற்கும் வராது. மாட்டுக்கு ஊசி போட்டவனிடம் மனிதர்கள் உண்மையைச் சொல்வார்கள். இதை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

இனி, நீங்கள் கேட்காமல் கேட்ட ஆபத்து. இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்று தனி நாடானது. அந்த நாளிலேயே இந்த ஐ.நா. பணியும் தொடங்கியது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 2018 செப்டம்பரில், நான் அங்கே இருக்கும்போதே, அமைதி ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இந்தியர்கள் உயிரிழந்ததும் உண்டு. 2013 ஏப்ரலில் ஜோங்லே மாகாணத்தில் ஒரு வாகன அணிக்குப் பாதுகாப்பாகப் போன ஐந்து இந்திய வீரர்கள் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அகோபோ என்னும் இடத்தில், அடைக்கலம் தேடி வந்த மக்களைக் காத்த சிறு முகாமுக்குள் ஆயிரக்கணக்கானோர் புகுந்தபோது இருவர். மலக்காலில் ஐ.நா. வேலிக்குள் அடைக்கலம் புகுந்த மக்களின் குடியிருப்பு 2016 பிப்ரவரியில் எரிந்தது. இவை நடந்தவை. நான் இருந்த காலத்திலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்தக் குடியிருப்பில் இருந்தார்கள். அவர்களைக் காப்பதே எங்கள் வேலையின் நடுத்தண்டு. உங்கள் மகனின் ஆண்டு எப்படிப் போகும் என்பதை இங்கே நிலத்தில் நின்றுகொண்டு நானோ, தொலைக்காட்சியில் பேசுபவர்களோ சொல்ல முடியாது. ஒரு மாகாணத்தில் சண்டை என்றால் அடுத்த மாகாணத்தில் சந்தை நடந்துகொண்டிருக்கும் நாடு அது. செய்தியில் ‘தெற்கு சூடானில் மோதல்’ என்று பார்த்தால் முதலில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். மலக்காலுக்கும் தலைநகர் ஜூபாவுக்கும் நடுவே ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது.

என் அனுபவத்தில், ஆபத்து தனியாகப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை. கணக்கு எழுதும் அதே நாளின் நடுவில் ஒரு பத்து நிமிடமாக வரும். ஒரு பிற்பகல், தண்ணீர் லாரிகளோடு ஆற்றங்கரைக்குப் போன என்னைச் சோதனைச் சாவடியில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் நிறுத்தினார்கள். கையில் கலாஷ்னிகோவ் துப்பாக்கி, வாயில் சாராய வாடை, ஒருவன் விரல் விசையின் மேல். ஐ.நா. வண்டிக்குச் சுதந்திரமாகப் போக உரிமை உண்டு. மக்களையும் தன்னையும் காக்கச் சுடவும் அனுமதி உண்டு. எப்போது சுடலாம் என்ற விதிகளை அச்சிட்ட அட்டை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அட்டையை எடுத்துப் படிக்க முடியாது. நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவர்களில் மூத்தவனைப் பார்த்து வணக்கம் சொல்லி, தண்ணீர்ப் பாட்டில் கொடுத்து, வெயிலைப் பற்றிப் பேசினேன். அரை மணியில் விட்டுவிட்டார்கள். அன்று மாலை நான் வீட்டுக்குப் பேசியபோது, ‘தண்ணீர் எடுக்கப் போனேன், கொஞ்சம் நேரமாகிவிட்டது’ என்றேன். இதுதான் நான் முதலில் சொன்ன ‘முழுவதையும் சொல்லவில்லை’ என்பது. அதிகாரிக்குத் துப்பாக்கியைவிட அங்கே அதிகம் பயன்படுவது, தன் பின்னால் நிற்கும் முப்பது பேரின் விரல்களை அடக்கிவைக்கும் குரல். அந்தக் குரலை இருபத்தேழு வயதில் வைத்திருப்பது சிரமமான வேலை.

எண்ணிக்கையில் பார்த்தால் எங்கள் முகாமில் ஆட்களைப் படுக்கவைத்தது குண்டு இல்லை, காய்ச்சல்தான். மலேரியா தடுப்பு மாத்திரை தவறாமல் விழுங்க வேண்டும். ஆட்கள் விழுங்குவதைப் பார்த்து ஏட்டில் குறிப்பதும் அதிகாரியின் பொறுப்பு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடாமல் இந்தியாவிலிருந்தே கிளம்ப முடியாது. மலக்காலிலேயே இந்திய ராணுவ மருத்துவர்கள் நடத்தும் மருத்துவமனை இருந்தது, அறுவை சிகிச்சை வசதியோடு. விடுப்பில் ஊருக்கு வந்தபின் காய்ச்சல் அடித்தால் மட்டும் சற்று விழிப்பாக இருங்கள்: வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் என்றால், உள்ளூர் மருத்துவரிடம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லி மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அங்குள்ள மலேரியா பெரும்பாலும் கடுமையான வகை. அதை டைபாய்டு என்று எண்ணிக் காலம் தாழ்த்தக் கூடாது.

நாளின் இன்னொரு பகுதி யாருக்கும் தெரியாது, ஏட்டிலும் ஏறாது. நூறு சிப்பாய்களுக்குப் பொறுப்பான அதிகாரி, நூறு வீடுகளின் செய்தியையும் கேட்டாக வேண்டும். ஒருவனுக்கு ஊரில் வரப்புத் தகராறு, ஒருவன் தங்கைக்குக் கல்யாணம் நின்றுவிட்டது, ஒருவன் மனைவி மூன்று நாளாகப் பேசவில்லை. அதற்காக அவனுடைய மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதுவது முதல், இரவில் அவன் காவலுக்கு நிற்கும் கோபுரத்தில் போய்ச் சும்மா பத்து நிமிடம் உடன் நிற்பது வரை எல்லாம் வேலைதான். அதிகாரியின் வீட்டுச் செய்தியைக் கேட்க மட்டும் அங்கே ஆள் குறைவு. காங்கோவில் இருந்தபோது என் தாயார் இறந்தார். கோமாவிலிருந்து கம்பாலா வழியாக விமானம் பிடித்து, சென்னையிலிருந்து வண்டி எடுத்து மன்னார்குடி வந்து சேர்ந்தபோது ஐந்தாம் நாள். பால் தெளிப்பு முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் இருந்தேன். தகனத்துக்கு வர முடியாது என்று தெரிந்தே அங்கே ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுப் போகிறார்கள். சிப்பாய்க்கு அதிகாரி ஆறுதல் சொல்வார். எனக்கு அந்த இரவில் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், எங்கள் தலைமையகத்தில் இருந்த ஒரு பாகிஸ்தான் மேஜர். எல்லையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு படைகளின் ஆட்கள் ஐ.நா. முகாமில் ஒரே மேசையில் சாப்பிடுவதும், கிரிக்கெட் நாளில் மட்டும் மேசையைப் பிரித்துக்கொள்வதும் அங்கே வழக்கம்.

பேச்சு திடீரென்று நின்றுபோகும் நாட்களும் வரும், அதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ரோந்து என்றால் ஐந்தாறு நாளோ அதற்கு மேலோ முகாமுக்கு வெளியே கூடாரத்தில் இருப்பார். மழையில் செயற்கைக்கோள் இணைப்பு அறுந்துவிடும். முகாமில் ஏதாவது நடந்தால் செய்தி குழப்பமாக வெளியேறக் கூடாதென்று சில மணி நேரம் அனைவரின் தொலைபேசியையும் நிறுத்தி வைப்பதும் உண்டு. மௌனத்துக்கு இத்தனை காரணங்கள் இருப்பதால், மௌனத்திலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. ராணுவத்தில் கெட்ட செய்தி வாட்சாப் குழுவில் வராது. படைப்பிரிவே உங்களை நேராகத் தொடர்புகொள்ளும். போகும் முன் அவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கும் பட்டாலியன் பின்னணி அலுவலகத்தின், அதாவது இந்தியாவிலேயே இருக்கும் அதன் அலுவலகத்தின், எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பதற்றமான இரவில் அழைக்க வேண்டிய எண் அதுதான். தஞ்சாவூரில் யாருக்கோ தெரிந்த யாரையோ கேட்பது வேண்டாம்.

மூன்று மாதம் முடிந்துவிட்டதென்றால், தொண்ணூறு நாள் பணியாற்றியவருக்கு வழங்கும் ஐ.நா. பதக்கத்துக்கு அவர் தகுதி பெற்றிருப்பார். அணிவகுப்பு வைத்துக் கொடுப்பார்கள், படம் வரும். இனி அவர் கூப்பிடும்போது, ஆபத்து இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதற்கு எந்த மகனும் இல்லை என்றுதான் சொல்வான். எத்தனை ஜெனரேட்டர், எத்தனை ஓடுகிறது, படகு வந்துவிட்டதா, எந்தச் சாலை காய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் பதினைந்தாகும், அந்தப் பதிலிலேயே மற்றதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குப் பி.டி. இருக்காது, இங்கே பகல் பதினொன்றரை என்றால் அங்கே காலை எட்டு, அந்த நேரத்தில் நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் மாடு இருந்தால் நல்ல படமாக ஒன்று எடுத்து அனுப்பிவையுங்கள், மரத்தடியில் பெரியவர்களிடம் காட்ட அவருக்குப் பயன்படும். கொம்புள்ள மாடாக இருக்கட்டும்.